காதில் இரைச்சல்: சர்வரை என்ன செய்வது?

கேள்வி: மதுரை கோ.புதூரில் வசிக்கிறேன். வயது 34. பத்துக்குப் பத்து அறையில் வீட்டிலிருந்தே வேலை. மேஜைக்கு அடியில் இரண்டு பழைய ரேக் சர்வர்கள் (அலுவலகங்களில் அடுக்குச் சட்டத்தில் பொருத்தும் தட்டையான கணினிகள்) இரவும் பகலும் ஓடுகின்றன. நான்கு மாதமாக மாலையானால் தலைவலி. படுத்தால் இரண்டு காதிலும் 'ஙொய்' என்ற இரைச்சல், தூக்கமில்லை. காது கேட்காமல் போய்விடுமா? பஞ்சு வைத்துக்கொள்ளலாமா? சர்வரைப் பெட்டி போட்டு மூடிவிடலாமா?

பதில்: செவித்திறன் போய்விடும் என்ற பயம் வேண்டாம். உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் கெட, பொதுவாக 85 டெசிபல் அளவிலான சத்தத்தில் தினமும் எட்டு மணி நேரம் என்று நீண்ட காலம் இருந்திருக்க வேண்டும். வீட்டில் ஓடும் ரேக் சர்வர் அந்த அளவை எட்டுவது அரிது. ஆனால் உங்கள் தொல்லை கற்பனையும் அல்ல. ஓயாத கீச்சுச் சத்தத்தை மூளை ஒதுக்கிவிட முடியாமல் நாள் முழுவதும் விழிப்பாகவே இருக்கிறது. கழுத்துத் தசைகள் இறுகி, மாலையில் தலைவலியாக வெளிப்படுகிறது. தூக்கம் கெடக் கெட, காது இரைச்சல் இன்னும் பெரிதாகக் கேட்கும்.

பஞ்சு வேண்டாம். சத்தத்தை அது தடுப்பது மிகக் குறைவு. குரும்பியை உள்ளே தள்ளுவதுதான் மிச்சம். நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் கூடாது. இயர்போனில் பாட்டை உயர்த்தி வைத்துச் சர்வர் சத்தத்தை அமுக்கினால், இல்லாத ஆபத்தை நீங்களே வரவழைக்கிறீர்கள். தலைவலிக்கு ஆஸ்பிரின் அடிக்கடி போடுகிறீர்கள் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவு மீறினால் அதுவே காதில் இரைச்சலை உண்டாக்கும்.

வைத்தியம் சர்வருக்குத்தான். கீச்சுச் சத்தம் வருவது அதிலுள்ள நாலு சென்டிமீட்டர் விசிறிகளிலிருந்து. அவை நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேலும் போகும். வேகத்தைப் பாதியாக்கினால் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். எனவே முதலில் மின் இணைப்பைப் பிடுங்கி, உள்ளிருக்கும் தூசியை ஊதி எடுங்கள். ஊதும்போது விசிறி சுழலாதபடி குச்சியால் தடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பயாஸ் (கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பில் விசிறிக்குக் குறைந்த வேக நிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சத்தமில்லாத விசிறி வாங்கி மாற்றும்போது பலர் ஏமாறுவது இங்கேதான்: சுற்று குறைந்ததைப் பழுது என்று சர்வர் எடுத்துக்கொண்டு மற்ற விசிறிகளை முழு வேகத்தில் ஓட்டிவிடும். இரண்டு சர்வர் வேலையையும் ஒன்றில் சேர்க்க முடிந்தால் சேருங்கள். நேரடியாகக் குறைவது 3 டெசிபல்தான். ஆனால் வெப்பம் குறைவதால் விசிறியும் நிதானமாகும்.

கத்திரி வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்குச் சத்தம் ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். பல சர்வர்கள் 35 டிகிரி வரையிலான காற்றுக்கே வடிவமைக்கப்பட்டவை. மதுரையில் மே மாதம் ஏசி இல்லாத அறை அதைத் தாண்டிவிடும்.

பெட்டி போட்டு மூடுவதில் இதுதான் சிக்கல். 200 வாட் இழுக்கும் சர்வர் 200 வாட் வெப்பத்தையும் கக்கும். காற்றுப் போக வழியில்லாத பெட்டிக்குள் அரை மணி நேரத்தில் விசிறிகள் அலறத் தொடங்கும். பெட்டி செய்வதானால் 18 மில்லிமீட்டர் பிளைவுட், உட்புறம் துணி சுற்றிய இரண்டு அங்குல ராக்வூல் (சத்தத்தை உறிஞ்சும் பாறை இழைப் பஞ்சு) என்று செய்யுங்கள். முன்பக்கம் கீழே காற்று நுழையவும், பின்பக்கம் மேலே வெளியேறவும் 150 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாத திறப்புகள் வேண்டும். இரண்டு பாதைகளும் இருமுறை வளைந்து போகட்டும். காற்று வளையும், கீச்சுச் சத்தம் மோதி அடங்கும். 200 வாட்டுக்கு, பத்து டிகிரி ஏற்றத்தோடு நிறுத்த, மணிக்கு 60 கன மீட்டர் காற்று தேவை. 12 சென்டிமீட்டர் விசிறி இரண்டு மெதுவாக ஓடினால் கிடைத்துவிடும். சர்வரைச் சுற்றியுள்ள இடைவெளியைத் தட்டியால் அடைக்க மறந்தால், பின்னால் வந்த சூடான காற்றே முன்னால் சுற்றி வந்து நுழையும். யு.பி.எஸ். பேட்டரியை இந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

இவ்வளவு பாடும் படாமல் சர்வரை அறையைவிட்டே வெளியேற்றுவது மேல். மாடிப்படிக்கு அடியில் நிழலான, ஈரமில்லாத இடம் போதும்; லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். மொட்டை மாடி ஷீட் கொட்டகை வேண்டாம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்றே எந்தப் பெட்டியையும்விட நன்றாகத் தடுக்கும், கதவின் கீழ் இடுக்கை ரப்பர் பட்டையால் அடைத்தால். சர்வருக்கு அடியில் கெட்டியான ரப்பர் பாய் போடுங்கள். இரும்பு மேஜையோ பீரோவோ தொட்டுக்கொண்டிருந்தால் அதுவும் சேர்ந்து அதிரும். முட்டை அட்டை ஒட்டுவது வீண். டைல்ஸ் தரையில் தடித்த ஜமுக்காளம் விரித்தால் எதிரொலியாவது குறையும்.

உறங்கும் அறையில் இரவில் 30 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தொடக்கமாக, ஒரு சனி, ஞாயிறு சர்வரை அணைத்து வையுங்கள். முழு நிசப்தத்தில் காது இரைச்சல் தூக்கலாகத் தெரியும், மின்விசிறி ஓடட்டும். படிப்படியாகக் குறைந்தால் நல்ல அறிகுறி.

ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்த சத்தம், தலைசுற்றல் இருந்தால் தாமதிக்காமல் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள். செவித்திறன் திடீரென மங்கினால் அன்றைக்கே போக வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை நாள் கடந்தால் பலன் குறையும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், நான்கு மாதமாக இருப்பதால், செவித்திறன் சோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவிலும் பார்க்கலாம். சோதனைக்கு முந்தைய 14 மணி நேரம் சர்வர் அறை, கோயில் திருவிழாக் குழாய் ஒலிபெருக்கி, இயர்போன் மூன்றையும் தவிர்த்துவிட்டுப் போங்கள்.