குரல் கேட்டாலே மனச்சிதைவா?

கேள்வி: முள்ளிவாய்க்காலில் இருந்து தப்பி வந்த என் அத்தானுக்கு, செல்லடியில் செத்த தம்பி இரவில் கூப்பிடுவது கேட்கிறதாம். கதவைப் பூட்டிப் பூட்டிப் பார்க்கிறார். டொக்டர் மனச்சிதைவு என்று மாத்திரை தந்திருக்கிறார். மொழிபெயர்க்க 15 வயது மகள்தான் போகிறாள். போருக்கும் இதற்கும் தொடர்பில்லையா?
- வாசகி, ஸ்காபரோ

பதில்: முதலில் மகளை அனுப்புவதை நிறுத்துங்கள். பிள்ளை பக்கத்தில் இருக்க எந்தத் தகப்பனும் பட்டதைச் சொல்லமாட்டார். நேரம் பதியும்போதே ஈழத்தமிழ் தெரிந்த, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். "ஒரே யோசனையாக் கிடக்கு" என்பதை "நிறையச் சிந்திக்கிறார்" என்று பெயர்த்தால் கவலை முழுவதும் காணாமல் போய்விடும்.

அடுத்தது குரல். யாருடையது, எப்போது, எதற்குப் பிறகு? ஜூலை முதலாம் தேதி கனடா தின வாணவேடிக்கைக்குப் பிறகோ தூக்கம் கலையும்போதோ, அன்று கேட்ட அதே சொற்கள் வந்தால், அது போர் நினைவு திரும்ப வருவதாக இருக்கலாம். நோய் எதுவும் இல்லாத வெறும் துக்கத்திலும் இறந்தவர் குரல் கேட்பதுண்டு. முன்பின் தெரியாத குரல்கள் அவரைப் பற்றித் தமக்குள் பேசுவது, தன் மனதுக்குள் யாரோ எண்ணங்களைப் புகுத்துவதாக நம்புவது, பேச்சு கோர்வையற்றுப் போவது ஆகியவை மனச்சிதைவின் பக்கம் காட்டும். இரண்டும் சேர்ந்தும் வரும். கதவுப் பூட்டை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. இராணுவச் சுற்றிவளைப்புகளில் வாழ்ந்தவருக்கு அது பழக்கம்.

போர் போன்ற அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப்பாதிப்பை பி.டி.எஸ்.டி. என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்.-5 அளவுகோலின்படி அதை உறுதிசெய்ய, உயிராபத்து போன்ற நிகழ்வுக்குப் பிறகு, நினைவு திரும்ப வருவதில் 1, தவிர்ப்பதில் 1, எண்ணம், மனநிலை மாற்றத்தில் 2, விழிப்பு மிகுதியில் 2 அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வாழ்க்கையைப் பாதிக்கவேண்டும். இதில் கைநழுவுவது தவிர்ப்பு. அவர் பேச மறுப்பதே அறிகுறியாக இருக்கலாம். கோப்பிலோ "பாதிப்பு எதுவும் கூறவில்லை" என்று ஏறிவிடும். தேதிகள் முன்பின்னாக வந்தால் பொய் என்று எடுக்கக்கூடாது. தலையில் அடிபட்டு மயங்கினாரா, குடி உண்டா என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம்; மறுபரிசீலனை கேளுங்கள்.

கேள்வி: பி.டி.எஸ்.டி. அறிகுறிகளை அளக்கும் பி.சி.எல்.-5 கேள்வித்தாளில் 38 வந்தது. பி.டி.எஸ்.டி. உறுதியா?
- வாசகர், லண்டன்

பதில்: இல்லை. 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 80. 31-33ஐ எட்டினால் நேர்காணல் தேவை, அவ்வளவே. உணர்வு மரத்துப்போவது பற்றிய கேள்வியைக் கைகால் விறைப்பென்று எண்ணி 4 போடுகிறவர்கள் உண்டு. அகதி மனு நிலுவையில் இருந்தால் தூக்கமின்மை, எரிச்சல், கவனச்சிதறல் ஆகியவற்றுக்கான மதிப்பெண் அதனாலேயே ஏறலாம். எந்தக் கேள்விக்கு எவ்வளவு போட்டீர்கள் என்ற தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.