முதலில் பீரோவைத் திறந்து பாருங்கள்

வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது விலங்கியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். நான் பாடம் நடத்திய ஊர்கள் இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் கிடக்கின்றன. பள்ளிகளுக்கு நுண்ணோக்கி வாங்குவது, பழுது பார்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பிளஸ் ஒன்னில் 60 பேர். வேலை செய்வது ஒரே நுண்ணோக்கி. எத்தனை கேட்கலாம்? (ஆசிரியை, ஒடுகத்தூர்)

கேட்பதற்கு முன் பீரோவைத் திறந்து பாருங்கள் அம்மா. ஒரு பள்ளியில் 'பழுது' என்று எழுதி ஒதுக்கிய நான்கில் மூன்றுக்கு நோய் வெறும் அழுக்குதான். பார்க்கும்போது கரும்புள்ளி தெரிகிறதா? கண்ணருகு லென்ஸை மெல்லத் திருப்புங்கள். புள்ளியும் சேர்ந்து சுற்றினால் அழுக்கு அதில் இருக்கிறது. சிலைடை நகர்த்தும்போது நகர்ந்தால் சிலைடில். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் பொருளருகு லென்ஸில். ரப்பர் பந்தால் தூசியை ஊதிவிட்டு, லென்ஸ் துடைக்கும் காகிதத்தால் துடையுங்கள். புடவைத் தலைப்பும் வேட்டி நுனியும் வேண்டாம். சிலந்தி வலைபோல் இழை ஓடினால் அது பூஞ்சை. கண்ணாடியையே அரித்திருந்தால் அந்த லென்ஸை மட்டும் மாற்றினால் போதும், முழுக் கருவியைக் கழிக்க வேண்டியதில்லை.

பிறகு கணக்கு. 20 பேராகப் பிரித்து, நால்வருக்கு ஒன்று என்றால் ஐந்து போதும். 60 பேருக்கு 30 என்று விண்ணப்பம் எழுதினால் படிப்பவர் சிரித்துவிட்டு மூடி வைப்பார்.

முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டிவிட்டோம். '2000 மடங்கு' என்று ஒன்றை விற்கிறார்கள், வாங்கலாமா? (குடியாத்தம்)

வேண்டாம் தம்பி. ஒளி நுண்ணோக்கியில் சுமார் 1000 மடங்குக்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும். புது விவரம் எதுவும் தெரியாது. அது ஒளியின் அலைநீளம் போட்ட வேலி. 10 மடங்கு கண்ணருகு லென்ஸும், 4, 10, 40 மடங்குப் பொருளருகு லென்ஸ்களும் இருந்தால் வெங்காய வேர்நுனியில் செல் பிரிவதுவரை பார்த்துவிடலாம். 100 மடங்கு லென்ஸுக்கு, சிலைடுக்கும் லென்ஸுக்கும் இடையே அதற்கென்றே உள்ள எண்ணெய் விட வேண்டும். துடைக்க மறந்தால் ஒரே ஆண்டில் பாழ். உலோக உடல், காட்சியைத் துல்லியமாக்கும் நுண் திருகு, எல்இடி விளக்கு, மின்சாரம் போனால் விளக்குக்குப் பதிலாக ஒளியைத் திருப்பிவிட ஒரு கண்ணாடி ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடியை நேராகச் சூரியனுக்குத் திருப்பக் கூடாது, கண் போய்விடும். இந்தியாவில் இவை பெருமளவு தயாராவது ஹரியானாவின் அம்பாலாவில். யாரிடம் வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் வெங்காயத் தோலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் தோல் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியைத் தரலாமா? (ஆம்பூர்)

தரலாம். 2013 நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுக்குள் வரும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் கல்வி இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகவும் அரசுப் பள்ளிக்குக் கொடுக்கலாம். ஒரு வேண்டுகோள்: சிலைடு, அதை மூடும் மெல்லிய கவர் ஸ்லிப், செல்லுக்கு நிறமேற்றித் தெளிவாகக் காட்டும் சாஃப்ரனின் சாயம், சில ஆண்டுப் பராமரிப்பு எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். சாயம் இல்லாத நுண்ணோக்கி எண்ணெய் இல்லாத விளக்கு.

ஃபோனில் மாட்டும் லென்ஸ் போதாதா? (பெற்றோர், பேரணாம்பட்டு)

போதாது. எறும்பின் கால் தெரியும், செல்லின் உட்கரு தெரியாது.

எங்கள் பள்ளியில் நுண்ணோக்கியே இல்லை, ஐயா. (மாணவி, காட்பாடி)

ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி இருக்கிறது மகளே. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷின் குழு உருவாக்கியது. ஒற்றை லென்ஸ், ஏறத்தாழ 140 மடங்கு. வைக்கோலை நீரில் நான்கைந்து நாள் ஊறவைத்து ஒரு சொட்டு எடுத்துப் பார், பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி நீந்தலாம். ஆசிரியர் துணையோடு வேலூர்க் கோட்டை அகழியின் பாசி நீரும் பார்க்கலாம், பிறகு சோப்பால் கை கழுவு. செய்முறைத் தேர்வுக்கு மட்டும் முழுக் கருவிதான் வேண்டும்; அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதச் சொல்லி உன் அம்மாவை அனுப்பு.

பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்று ஆய்வகத்தைப் பூட்டியே வைத்திருக்கிறோம். (பெயர் வேண்டாம் என்றவர்)

பூட்டிய பெட்டியில்தான் பூஞ்சை வளரும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், வாரம் ஒருமுறையாவது வெளியே எடுங்கள். என் பணிக்காலத்தில் 40 மடங்கு லென்ஸ் மோதி சிலைடு உடைந்து லென்ஸும் கீறியது இரண்டே முறை. அதில் ஒன்று நான் செய்தது.