சிஏ (பட்டயக் கணக்காளர்) அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் பயிற்சிக்குச் சேரும்போது ஆடிட் பக்கம் போவதா, டாக்ஸ் பக்கம் போவதா?

வேறொருவர் எழுதிய கணக்கு உண்மை நிலையைக் காட்டுகிறதா என்று ஆதாரத்தோடு பார்த்துக் கருத்துச் சொல்வது ஆடிட். அந்தக் கணக்கிலிருந்து வரியைக் கணித்து, ரிட்டர்ன் போட்டு, நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவது டாக்ஸ்.

மொய் நோட்டு எழுதியவரே மறுநாள் பையில் உள்ள பணத்தையும் சரிபார்த்தால் வீட்டார் நம்புவார்களா? 2013 கம்பெனிகள் சட்டத்தின் 144ஆம் பிரிவு, ஆடிட்டர் தான் தணிக்கை செய்யும் கம்பெனிக்கே கணக்கு எழுதக் கூடாது என்பதும் இதனால்தான்.

ஆடிட்டில் வெளியூர்ப் பயணம், ஸ்டாக் எண்ணுவது, வவுச்சர் புரட்டுவது அதிகம். டாக்ஸில் தேதிதான் எஜமான்: மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11ஆம் தேதி, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்னான 3பி 20ஆம் தேதி. சரக்கு விற்றவர் தன் ஜிஎஸ்டிஆர்-1-இல் பில்லைக் காட்டாவிட்டால் அது வாங்கியவருக்கு ஜிஎஸ்டி தளம் காட்டும் 2பி பட்டியலில் வராது, கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வரவு அவருக்குக் கிடைக்காது. புதியவர்கள் கொள்முதல் பதிவேட்டை 2பி-யோடு ஒப்பிடாமல் தாக்கல் செய்து மாட்டுவது இங்கேதான்.

இரண்டு வருட ஆர்ட்டிகிள்ஷிப்பில் முதல் வருடம் ஆடிட்டில் இருப்பதே நல்லது. வவுச்சர் படித்த கண்ணுக்கு வரி விதி சீக்கிரம் பிடிபடும்.

வருமான வரி ரிட்டர்ன் போடுபவர் எல்லாரையும் நம்மூரில் 'ஆடிட்டர்' என்கிறோம். ஆனால் ரிட்டர்ன் போடுவது ஆடிட் அல்ல.