புனோம் பென்னில் காலை கெமர், மதியம் பிரிட்டிஷ்: திரும்பி வந்தால் எந்த வகுப்பு?

கேள்வி: திருப்பூரில் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மூன்று வருட ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு கம்போடியா போகிறோம். மகள் இங்கே சிபிஎஸ்இ பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். நவம்பரில் பிறந்தவள், ஆகஸ்டில் அங்கே பள்ளி திறக்கும்போது 10 வயது 9 மாதம் ஆகியிருக்கும். மகன் யுகேஜி முடித்தவன். புனோம் பென்னில் ஒரு தனியார் இன்டர்நேஷனல் பள்ளி. காலையில் அந்த நாட்டு மொழியான கெமரில் அவர்கள் பாடத்திட்டம், மதியம் பிரிட்டிஷ் பாடத்திட்டம். ஹாஸ்டல் இல்லை, வீட்டிலிருந்து போய் வர வேண்டும். "இரண்டு நாட்டுச் சான்றிதழும் கிடைக்கும், முழு வருடக் கட்டணத்தையும் இப்போதே கட்டினால் தள்ளுபடி" என்கிறார் ஏஜென்ட். திரும்பி வரும்போது மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களா? கெமர் படிப்பது வீண்தானா?

பதில்: முதலில், பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

ஏஜென்ட் சொல்லும் "இரண்டு நாட்டுச் சான்றிதழ்" உங்கள் மகளுக்குக் கிடைக்கவே போவதில்லை. கம்போடியாவில் பள்ளிப் படிப்பு 6, 3, 3 என்று பிரிந்திருக்கிறது. நாட்டுச் சான்றிதழ் என்று சொல்லத்தக்கது ஒன்பதாம் வகுப்பு முடிவிலும் பன்னிரண்டாம் வகுப்பு முடிவிலும்தான் வரும். பிரிட்டிஷ் பக்கம் மதிப்புள்ள முதல் காகிதம் ஐஜிசிஎஸ்இ என்ற தேர்வின் சான்றிதழ். அது இயர் 11, அதாவது நம் பத்தாம் வகுப்புக்குச் சமமான வகுப்பின் முடிவில். உங்கள் மகளோ எட்டாம் வகுப்புக்குச் சமமான இடத்தில் திரும்பி வந்துவிடுவாள். அவள் கையில் இருக்கப்போவது பள்ளி முதல்வர் கையெழுத்திட்ட ஒரு டிசி, மதிப்பெண் பட்டியல், அவ்வளவுதான். ஏஜென்ட்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த மாதம், எந்தத் தேர்வு எழுதி, யார் கையெழுத்தில் அந்தச் சான்றிதழ் வரும்?" பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இந்தக் காலை, மாலைப் பிரிவே அந்த ஊருக்குப் புதிதல்ல. கம்போடிய அரசுப் பள்ளிகள் பல ஷிஃப்ட் முறையில் நடக்கின்றன. ஒரு பிள்ளை காலையில் போகும், இன்னொன்று மதியம் போகும். மிச்ச அரை நாளில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறோம் என்று தனியார் பள்ளிகள் கிளம்பின. அவற்றில் நல்லவை உண்டு. கேட்டில் யூனியன் ஜாக் கொடி வரைந்துவிட்டு, உள்ளே கேம்பிரிட்ஜ் அச்சிட்ட புத்தகத்தை வாங்கிப் போட்டு நடத்துகிறவையும் உண்டு. இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் யார் வேண்டுமானாலும் இணையத்தில் இறக்கிக்கொள்ளக்கூடிய ஆவணம். அதை வைத்துப் பாடம் நடத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். "பிரிட்டிஷ் முறை", "பிரிட்டிஷ் அடிப்படையில்" என்ற சொற்களுக்கு அதனால்தான் காலணா மதிப்பில்லை. கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனல் அமைப்பின் இணையதளத்தில் நாட்டையும் ஊரையும் போட்டால் பதிவு பெற்ற பள்ளிகளின் பட்டியல் வரும். பிரிட்டன் அரசின் ஆய்வுத் திட்டத்தில் தேறிய வெளிநாட்டுப் பள்ளிகளுக்கும் தனிப் பட்டியல் உண்டு. நீங்கள் சொல்லும் பள்ளி இரண்டிலும் இல்லையென்றால் அது கெட்ட பள்ளி என்று ஆகிவிடாது. ஆனால் "பிரிட்டிஷ்" என்பதற்காக ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

சரி, உண்மையான சிக்கலுக்கு வருவோம். எந்தப் பாடத்திட்டம் என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. பள்ளி உங்கள் மகளை முதல் நாள் எந்த வகுப்பில் உட்கார வைக்கிறது என்பதுதான் விஷயம்.

பிரிட்டிஷ் முறையில் வகுப்பை "இயர்" என்பார்கள். இயர் 1 ஐந்து வயதில் தொடங்குகிறது. ஐஜிசிஎஸ்இ வருவது இயர் 11 முடிவில்; இந்தியாவில் அதை பத்தாம் வகுப்புக்குச் சமமாக வைக்கிறார்கள். ஆக இயர் எண்ணில் ஒன்றைக் கழித்தால் நம் வகுப்பு. இயர் 7 என்றால் நம் ஆறாம் வகுப்பு. நம் ஊர்ப் பள்ளி அலுவலகங்களில் இருக்கும் அட்டவணையும் இதைத்தான் சொல்லும்.

ஆனால் பிரிட்டிஷ் பள்ளி பிள்ளையைச் சேர்ப்பது வயதை வைத்து. ஆகஸ்ட் 31 அன்று முடிந்த வயது என்ன என்று பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு அன்றைக்கு 10. பத்து வயதுப் பிள்ளைக்கு இயர் 6. நம் ஊரில் ஐந்தரை வயதில் ஒன்றாம் வகுப்பில் போட்டுவிடுகிறோம் அல்லவா, அதன் விளைவு இது. இப்போது கணக்கைப் பாருங்கள். மூன்று வருடம் இயர் 6, 7, 8 படிக்கிறாள். திருப்பூர் பள்ளியில் டிசியை நீட்டுகிறீர்கள். "இயர் 8 முடித்திருக்கிறாள், அப்படியென்றால் ஏழாம் வகுப்பு பாஸ், எட்டில் சேருங்கள்" என்பார் அலுவலக உதவியாளர். அவர் சொல்வதில் தப்பே இருக்காது. வருடம் போனது போனதுதான்.

இதை மூன்று வருடம் கழித்து மாற்ற முடியாது, முதல் வாரத்தில் மாற்றலாம். ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் டிசியையும் காட்டி, "மகள் ஐந்து வருட முறையான படிப்பை முடித்தவள், இயர் 7-இல் சேர்க்க வேண்டும்" என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு தேர்வு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் சரி. ஒத்துக்கொள்ளவில்லையென்றால், வருடம் போகும் என்று தெரிந்தே சேர்க்கிறீர்கள் என்பதையாவது தெரிந்துகொள்வீர்கள். வயது குறைவான பிள்ளைக்கு ஒரு வருடம் தள்ளிப்போவது குடிமுழுகும் விஷயமல்ல என்பது என் சொந்த அபிப்பிராயம். உங்கள் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும்.

கெமர் பக்கத்தில் இதே வலை வேறு வடிவில் இருக்கிறது. அங்கே ஆறு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு. மொழி தெரியாத பிள்ளையைக் காலையில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளோடு உட்கார வைத்துவிட்டு, மதியம் பெரிய வகுப்புக்கு அனுப்புகிற பள்ளிகள் இருக்கின்றன. போதாக்குறைக்கு, சில பள்ளிகளில் ஆங்கிலப் பிரிவை வகுப்பு என்று சொல்லாமல் "லெவல்" என்பார்கள். அது ஆங்கிலம் எவ்வளவு வரும் என்று பார்த்துப் போடுவது. வகுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு குடும்பம் "லெவல் 7 முடித்தார்" என்ற ஒற்றைக் காகிதத்தோடு என்னிடம் வந்தது. பையனுக்கு வயது 14. ஏழாம் வகுப்பா, ஒன்பதா என்று சொல்ல ஆளில்லை. அந்தப் பள்ளிக்கு நான்கு மின்னஞ்சல் அனுப்பினோம். நான்காவதற்குப் பதில் வந்தது, அதே காகிதத்தின் இன்னொரு நகலோடு.

ஆகவே டிசியில் எந்த வகுப்பு எழுதுவார்கள், கெமர் வகுப்பா இயரா என்று சேரும்போதே கேளுங்கள். பழைய மாணவர் ஒருவரின் டிசியைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் பள்ளியில் சேர்க்காதீர்கள்.

எட்டாம் வகுப்பைத் தாண்டி அங்கே இருக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிபிஎஸ்இயில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பதிவு ஒன்பதிலேயே நடந்துவிடும்; பத்தில் நேராக நுழைவது பெரும்பாடு. ஒப்பந்தத்தை "இன்னும் ஒரு வருடம்" என்று நிறுவனம் நீட்டினால், மகளும் மனைவியும் முன்னால் வரட்டும். மாதக் கணக்கிலும் ஒன்று இடிக்கிறது. அங்கே இயர் 9 முடிவது ஜூனில், சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பு தொடங்குவது ஏப்ரலில். கடைசி வருடம் ஜனவரியிலேயே முதல்வரைப் பார்த்து, "இயர் 10-க்குத் தேர்ச்சி பெறத் தகுதியானவர்" என்று ஒரு கடிதத்துக்குச் சொல்லிவைத்து, மார்ச் கடைசியில் கிளம்புங்கள். அந்த டிசியில் அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையையும், பிறகு இந்தியத் தூதரகத்தின் முத்திரையையும் வாங்கிவிட்டே விமானம் ஏறுங்கள். இங்கே வந்தபின் வாங்குவது என்பது நடவாத காரியம்.

இன்னொன்று இங்கிருந்து கிளம்பும்முன். மகளின் எமிஸ் எண்ணை, அதாவது தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் அவளுக்கு உள்ள எண்ணை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளி அவள் பெயரை, பள்ளியை விட்டுப் போனவர்களை வைக்கும் பொதுத் தொகுப்புக்கு விட்டுவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். விடாவிட்டால் மூன்று வருடம் கழித்து கணினி, "இந்த மாணவி அங்கே படித்துக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லும். பிள்ளை எதிரே நிற்கிறாள், பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, ஆனால் திரை சொல்வதுதான் செல்லும். கம்போடியப் பள்ளியின் எமிஸ் எண் என்ன என்று கேட்ட அலுவலகத்தைப் பார்த்தவன் நான். சிரிக்கவும் முடியாது, ஏனென்றால் அவர் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது.

கெமர் வீணா என்றீர்கள். வீணில்லை, ஆனால் உங்களுக்கு அது முக்கியமும் இல்லை. அங்கே பள்ளிக்கூடத்துக்கு "சாலா" என்று பெயர். ஆசிரியர் "லோக் க்ரூ", ஆசிரியை "நெயக் க்ரூ". எழுத்து பல்லவ எழுத்தின் வழி வந்தது. க வரிசை, ச வரிசை என்று நம் ஒழுங்கிலேயே போகும், இந்தி படித்த பிள்ளைக்கு இன்னும் சுலபம். ஒரு எழுத்தின் அடியில் இன்னொன்றைத் தொங்கவிட்டு அதைக் "கால்" என்பார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடமாட்டார்கள், அதுதான் திணறடிக்கும். பேசக் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் காலை முழுக்க வரலாறும் அறிவியலும் கெமரில் கேட்பது வேறு விஷயம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கெமரை ஒரு மொழிப்பாடமாக மட்டும் வைத்து, மற்ற நேரம் ஆங்கிலத்தில் நடத்துவார்களா என்று கேளுங்கள்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு. அது உங்களுக்கில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு அது பொருந்தும். பிள்ளையின் தாய் கெமர் பெண்ணாக இருந்தால் கதையே வேறு. கம்போடியாவின் 1996 குடியுரிமைச் சட்டப்படி தாயோ தந்தையோ ஒருவர் கெமராக இருந்தாலே பிள்ளைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. இந்தியாவோ இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை இந்தியக் குடிமகனாகப் பதிய, வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக்கொடுக்க வேண்டும். இதில் எந்தப் பக்கம் என்று வீட்டில் முடிவெடுக்காமல் பள்ளியை முடிவெடுக்கிறார்கள் நம் ஆட்கள். பிள்ளை அங்கேயே வாழப்போகிறது என்றால் கெமர் பிரிவை அரைகுறையாகப் படிக்க வைப்பது பெரும் துரோகம். பன்னிரண்டாம் வகுப்பு அரசுத் தேர்வை, பேச்சுவழக்கில் "பாக் டுப்", தனியார் பள்ளிப் பிள்ளையும் எல்லோரோடும் சேர்ந்துதான் எழுத வேண்டும். 2013-இல் எண்பது சதவீதத்துக்கு மேல் தேறிய அந்தத் தேர்வில், காப்பியடிப்பதை அமைச்சர் ஹாங் சுவோன் நாரோன் அடுத்த வருடம் இறுக்கிப் பிடித்தார். முதல் சுற்றில் கால்வாசிப் பேர்தான் தேறினார்கள். தேர்வு அப்போதிருந்து விளையாட்டல்ல. பிரிட்டிஷ் பிரிவு இருக்கிறதே என்று கெமரை விட்டுவிட்டு, ஐஜிசிஎஸ்இக்கும் பணம் இல்லாமல், இரண்டுங்கெட்டானாக நிற்கும் பிள்ளைகள் இந்த இரு பிரிவுப் பள்ளிகளின் உண்மையான நஷ்டம். இதைப் படிக்கிறவர் கெமர் பெண்ணை மணந்து அங்கேயே வாழப்போகும் தந்தையாக இருந்தால், கெமர் பிரிவை முதலிலும் ஆங்கிலத்தை அடுத்தும் வையுங்கள்.

கேள்வி கேட்ட உங்களுக்கு வேறு கவலை இருக்க வேண்டும், அதை நீங்கள் கேட்கவே இல்லை. தமிழ். தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், 2006 வந்தபின் இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். திரும்பி வரும் பிள்ளை கணக்கிலும் அறிவியலிலும் சமாளித்துவிடும், தமிழில்தான் மாட்டும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அரசு தளத்தில் இலவசமாகவும் கிடைக்கும். மனைவி வாரத்துக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

பணம் கட்டும்போது ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள். பல ஏஜென்ட்டுகளுக்குப் பள்ளியிடமிருந்தே கமிஷன் வரும். "தள்ளுபடி" என்பது அவர் அவசரம், பள்ளியின் அவசரமல்ல. அங்கே போய், பள்ளியைப் பார்த்து, ஒரு பருவத்துக்கு மட்டும், பள்ளி பெயரில் ரசீது வாங்கிக் கட்டுங்கள். டெபாசிட் இருந்தால், எத்தனை நாள் முன்னறிவிப்பில் திரும்பத் தருவார்கள் என்பது ரசீதிலேயே இருக்கட்டும். டாலர் நோட்டாகக் கொண்டுபோகிறீர்களென்றால் ஓரம் கிழியாத நோட்டாகப் பாருங்கள், மயிரிழைக் கிழிசல் இருந்தாலும் அந்த ஊரில் வாங்கமாட்டார்கள்.

பையனைப் பற்றி நீங்கள் அவ்வளவாகக் கவலைப்படவில்லை, நானும் படவில்லை. இயர் 1-இல் போட்டாலும் சரி, இயர் 2-இல் போட்டாலும் சரி, எட்டாம் வகுப்பு வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள இங்கே கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. காலை கெமர் வகுப்புக்கு அவனை அனுப்புங்கள். ஆறு மாதத்தில் சந்தையில் உங்களுக்காக அவன் விலை பேசுவான்.