பழைய புல்லட்டைக் கஃபே ரேசராக்க எதை வாங்கலாம், எதைப் பட்டறையில் செய்யலாம்?

கோவை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தொண்ணூறுகளில் என் தந்தை வாங்கிய, வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட் 350 வீட்டில் இருக்கிறது. அதைக் கஃபே ரேசராக மாற்ற விரும்புகிறேன். டேங்க், சீட், ஃபுட்ரெஸ்ட், சைலன்சர் ஆகியவற்றை உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாமா, கடையில் கிடைக்கும் பாகங்களை வாங்கிப் பொருத்துவது நல்லதா? சேஸிஸின் பின்பகுதியை வெட்டி எடுக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். வெட்டலாமா?"

தாழ்ந்த ஹேண்டில், சிறிய சீட், பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட் ஆகியவற்றோடு பழைய பந்தய வண்டியின் தோற்றம் கொண்டதுதான் கஃபே ரேசர். அதற்காகச் சேஸிஸை வெட்ட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். உங்கள் வண்டி 15 ஆண்டுகளைத் தாண்டிவிட்டதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்டிஓ ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள். மட்கார்டு, அதன் தாங்கிகள், பழைய சீட் ஆகியவற்றைக் கழற்றி, புதிய சீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தை ஏற்கெனவே உள்ள துளைகளிலேயே போல்ட் போட்டுப் பொருத்தினால், வேண்டிய தோற்றத்தில் பெரும்பகுதி வந்துவிடும். ஆய்வுக்கு முன் ஒரே நாளில் பழையபடி மாற்றவும் முடியும். அதற்காகக் கழற்றிய பாகங்களில் ஒன்றைக்கூட விற்றுவிடாதீர்கள். பதிவில் இருக்கை எண்ணிக்கை 2 என்று இருக்கும். எனவே ஒற்றை சீட்டை மனத்தில் வைத்திருந்தால், வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அடுத்தது, எதை வாங்குவது, எதைச் செய்வது என்பது. பெரும்பாலோர் விலையை வைத்தோ அழகை வைத்தோ இதை முடிவு செய்கிறார்கள். ஓடும்போது அந்தப் பாகம் உடைந்தால் என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், அதைப் பிடிக்கும் மேல் கீழ்த் தகடுகள், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், வீல் ஆக்ஸில், பிரேக் ஆகியவற்றில் எது முறிந்தாலும் ஓட்டுபவர் கீழே விழுவார். லேத்தில் எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும், அந்த எஃகின் தரமும் அதற்குத் தரப்பட்ட வெப்பப் பதமும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இவை தயாரிப்பாளரின் பாகங்களாகவே இருக்கட்டும். முன் பிரேக் போதவில்லை என்றால், பிற்காலப் புல்லட்டுகளில் வந்த 7 அங்குல இரட்டை லீடிங் ஷூ டிரம்மையோ (இரு பிரேக் ஷூக்களும் சுழற்சியோடு சேர்ந்து இறுகிப் பிடிக்கும் டிரம் பிரேக்), டிஸ்க் மாடலின் ஃபோர்க், ஹப், காலிப்பர் ஆகியவற்றை முழுத் தொகுப்பாகவோ தேடுங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் கிடைக்கும். ஆனால் ஃபோர்க் குழாயைத் தட்டையான கண்ணாடிமேல் உருட்டி, வளைவு இல்லை என்று உறுதி செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஆக்ஸில், போல்ட் போன்றவற்றைப் பளபளப்புக்காக உள்ளூர் பிளேட்டிங் கடையில் குரோம் பூசவும் கொடுக்காதீர்கள். அமிலத்திலும் மின்முலாம் தொட்டியிலும் இருக்கும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, கடினமான எஃகை எச்சரிக்கையின்றி முறியும்படி செய்துவிடும். பூசிய உடனே சுமார் 200 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். அந்த வசதி சிறு கடைகளில் அரிது.

டயர், ஷாக் அப்சார்பர் இரண்டையும் வாங்கத்தான் வேண்டும், ஆனால் அளவறிந்து வாங்க வேண்டும். புல்லட்டின் 1.85 அங்குல ரிம்மில் 3.50-19 டயர் ஒழுங்காக உட்காரும். 130 மில்லிமீட்டர் அகல டயரைத் திணித்தால் அதன் ஓரங்கள் உள்வாங்கி, வளைவில் வண்டி நெளியும், செயினிலும் உரசும். பின்புறத்தைத் தூக்கிக் காட்ட 25 மில்லிமீட்டர் உயர்த்தினால், சுமார் 1,370 மில்லிமீட்டர் வீல்பேஸில் ஃபோர்க்கின் சாய்வு ஏறத்தாழ ஒரு டிகிரி நிமிர்ந்து, டிரெயில் (ஃபோர்க் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) 6 மில்லிமீட்டர் அளவுக்குக் குறையும். ஹேண்டில் இலகுவாகத் திரும்பும், ஆனால் நேர்கோட்டில் புல்லட்டுக்கே உரிய நிதானம் குறையும். அதற்குமேல் உயர்த்த நான் சொல்லமாட்டேன்.

ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்குத் தள்ளுவதில்தான் இந்த வண்டிக்கே உரிய சிக்கல் இருக்கிறது. கியரும் கிக்கரும் வலப்புறம், பிரேக் இடப்புறம் என்பதால், வேறு வண்டிகளுக்காக விற்கப்படும் ரியர்செட்டுகள் (பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட் தொகுப்புகள்) இதற்குப் பொருந்தா. வலப்பக்க ஃபுட்ரெஸ்ட் கிக்கர் இறங்கும் வழியில் வந்து நிற்கும். அது மடங்குவதாக இல்லாவிட்டால் வண்டியை உதைத்துக் கிளப்பவே முடியாது. இதைப் பட்டறையில் செய்யலாம், செய்தும் ஆக வேண்டும். 6 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் அடித்தகடு, 8.8 தரப் போல்ட், அதிர்வில் கழலாத நைலாக் நட், கியர் இணைப்புக்கு இருமுனையிலும் ராட் எண்ட் எனப்படும் பந்துமூட்டு ஆகியவற்றைக் கேளுங்கள். குழியில் இறங்கும்போது எழுந்து நிற்பவரின் முழு எடையும் அதன்மேல் இறங்கும் என்பதால், வெறும் வெல்டிங்கை மட்டும் நம்பித் தொங்கும் ஃபுட்ரெஸ்ட்டை ஏற்காதீர்கள்.

கைவேலைக்கு உண்மையான இடம் டேங்க்தான், கோவையில் நல்ல கைகளும் இருக்கின்றன. 18 கேஜ் சிஆர்சி (குளிர்முறையில் உருட்டிய எஃகு) தகட்டிலோ அலுமினியத்திலோ அடிக்கச் சொல்லுங்கள். ஃபைபர் டேங்க் மலிவு என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் சாதாரணப் பாலியெஸ்டர் ரெசினை இளக்கி, கரைந்ததைக் கார்புரேட்டருக்கே கொண்டுபோகும். வெல்டிங் முடிந்ததும், பெட்ரோல் ஊற்றும் முன்பே, 3 பிஎஸ்ஐ அளவுக்கு மட்டும் காற்றேற்றி, தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். டேங்க்கை ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார வையுங்கள். இறுக்கிப் பிடித்த டேங்க் ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வில் விரிசல் விடும்.

சைலன்சரில் ஒலித்தடுப்பான் இருக்கட்டும், சத்தத்துக்கும் சட்டம் உண்டு. சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினால் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கார்புரேட்டர் ஜெட்டையும் மாற்ற வேண்டும். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் வார்ப்பிரும்பு சிலிண்டர் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிளக் வெளுத்திருப்பது அதற்கு முன்னறிவிப்பு.

பெயிண்ட்டைக் கடைசியில் வையுங்கள். எல்லாப் பாகங்களையும் வெறும் உலோகமாகவே பொருத்தி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, பிறகு பிரித்து, புதிதாகச் செய்த ஒவ்வொரு வெல்டிங்கையும் கடைகளில் டப்பாவாகக் கிடைக்கும் சிவப்புச் சாயத்தால் விரிசலுக்குச் சோதித்த பின்னரே பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புங்கள், ஏனெனில் அந்தப் பூச்சு சிறு விரிசலை நன்றாக மறைத்துவிடும். நிறம் மாறினால் பதிவுச் சான்றிதழிலும் அதைத் திருத்தி வாங்குங்கள். செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்களின் பதிலைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.