குடும்பப் பெயரும் தாய்மொழியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திரப் பக்கத்தில் உள்ள நகரி. பாட்டனார் காலத்திலிருந்து வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஆனால் ரேஷன் கார்டு முதல் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை எல்லாவற்றிலும் பெயருக்கு முன்னால் தெலுங்கு இண்டிபேரு (வீட்டுப் பெயர்) இருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் என் மகளிடம், 'நீங்கள் தெலுங்குக்காரர்கள்தானே?' என்று கேட்கிறார்களாம். எங்களை யார் என்று சொல்லிக்கொள்வது?
– ஒரு வாசகர், நகரி

பதில்: தமிழர் என்றே உங்கள் மகள் தயங்காமல் சொல்லலாம். இண்டிபேரு பெரும்பாலும் ஓர் ஊரையோ, தொழிலையோ, பேர்பெற்ற ஒரு முன்னோரையோ நினைவில் வைத்திருக்கும். அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்ட காலத்தில் குடும்பம் எங்கே இருந்தது என்பதற்கு அது சாட்சி. அதற்குப் பின் வந்த தலைமுறைகள் எந்த மொழியில் பேசி, அழுது, பிள்ளைகளைத் தாலாட்டினார்கள் என்பது அதற்குத் தெரியாது.

டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்தது திருத்தணியில். அவருடைய வீட்டுப் பெயருக்குரிய சர்வேபள்ளியோ நெல்லூர் மாவட்டத்து ஊர். அவர் பிறந்தபோது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1911-இல் சித்தூர் மாவட்டத்துக்கும், 1953-இல் அம்மாவட்டத்தோடு ஆந்திர மாநிலத்துக்கும், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்துக்கும் போனது. இத்தனை மாற்றங்களும் அவர் வாழ்நாளிலேயே நடந்தன. வீட்டுப் பெயர் மட்டும் மாறவில்லை. அவருடைய குடும்பம் தெலுங்குக் குடும்பம்தான். ஆனால் அதை அப்படி வைத்திருந்தது வீட்டுக்குள் தொடர்ந்த பேச்சே தவிர, பெயருக்கு முன்னால் இருந்த ஊர்ப்பெயர் அல்ல.

எல்லை பிரித்தவர்களும் வீட்டுப் பெயர்களைப் பார்த்துப் பிரிக்கவில்லை. ஆந்திர–சென்னை மாநில எல்லைத் தகராற்றைத் தீர்க்க அமர்த்தப்பட்ட படாஸ்கரின் பரிந்துரை கிராமத்தை அலகாகக் கொண்டு, அங்கே எந்த மொழி பேசுவோர் மிகுதி, அந்தக் கிராமம் எந்தப் பக்கத்தோடு நிலத்தொடர்ச்சி உடையது என்பவற்றையே பார்த்தது. அப்படிப் பார்த்தும், கோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழரும் இந்தப் பக்கம் தெலுங்கரும் தங்கிப்போனது தவிர்க்க முடியாததாக இருந்தது.

எல்லையூர்களில் இரண்டு மொழியிலும் அச்சிட்ட கல்யாணப் பத்திரிகையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். தெலுங்குப் பக்கத்தில் வீட்டுப் பெயர் முழுதாக, 'வாரி' என்ற மரியாதையோடு தலைப்பில் இருக்கும். ஒரே வீட்டுப் பெயருக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை என்பதால், சம்பந்தம் பேசுகிறவர்களுக்கு அது அவசியமான செய்தி. தமிழ்ப் பக்கத்தில் அதே மனிதருக்கு ஓர் இனிஷியல்தான். ஆளும் குடும்பமும் ஒன்றே. எழுதும் வழக்கம்தான் வேறு. கோவையிலும் கோவில்பட்டி வட்டாரத்திலும் வீட்டில் தெலுங்கு பேசும் எத்தனையோ குடும்பங்கள் வெறும் இனிஷியலோடு வாழ்கின்றன. அவர்களை யாரும் ஐயத்தோடு பார்ப்பதில்லை. பெயரை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்கள் தமிழராகவும் நீங்கள் தெலுங்கராகவும் தெரிவீர்கள். இரண்டும் தவறாகவே இருக்கும்.

முன்னோர் ஒரு காலத்தில் தெலுங்கு பேசியிருக்கலாம். அதை மறைக்கவும் வேண்டாம், அதற்காகக் கூசவும் வேண்டாம். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது தாய்மொழி என்ற இடத்தில் 'தமிழ்' என்று சொல்லி, அப்படியே எழுதப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழிப் பயிற்சிக்கு வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு. அந்த உரிமையைக் கேட்கும்போது நமக்குத் துணை நிற்கப்போவது அந்தக் கணக்குதான்.

கேள்வி: என் பெயர் 'பிள்ளை' என்று முடிகிறது. 'பிள்ளை என்றால் மலையாளிதான். தமிழ் இடையில் ஒட்டிக்கொண்டது' என்று உடன் வேலை பார்ப்பவர் சாதிக்கிறார். என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகர், பாறசாலை

பதில்: அவருக்குத் திருவனந்தபுரத்தையே சான்றாகக் காட்டுங்கள். ஆலப்புழையில் 1855-இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளைதான் இன்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு அரசு விழாவிலும் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதியவர். அதே நகரத்தின் பட்டம் தாணு பிள்ளை மலையாளி. அவர் திருவிதாங்கூர்–கொச்சியின் முதலமைச்சராக இருந்தபோதுதான், 1954 ஆகஸ்ட் 11 அன்று, தெற்கு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிப் போராடியவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்று உயிர்விட்டவர்களை நினைக்கும் எவருக்கும், ஒரே பட்டம் ஒரே இனத்தைக் குறிக்கும் என்ற வாதத்தை ஏற்க மனம் வராது.

திருவிதாங்கூரில் நாயர்களுக்குப் 'பிள்ளை' அரசர் வழங்கிய பட்டம். நாஞ்சில் நாட்டு வேளாளருக்கோ அது வழிவழியாக வரும் பெயரொட்டு. அந்த வேளாளரில் ஒரு சாரார் நாயர்களைப் போலவே மருமக்கள் வழிச் சொத்துரிமையைக்கூட (தாய்மாமன் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை) கடைப்பிடித்தார்கள். பட்டமும் சொத்து முறையும் ஒன்றாக இருந்தும் அவர்கள் வீட்டில் பேசியது தமிழ். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த மண் அது.

இங்கே தமிழ்நாட்டில் 1929-ஆம் ஆண்டுச் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னது. பொது வாழ்வில் பெரும்பாலோர் விட்டும் விட்டார்கள். நம்முடைய பெயர்களுக்கு நேர்ந்த நல்ல மாற்றங்களில் அதையே முதன்மையானதாக நான் கருதுகிறேன். ஆனால் எல்லைக்கு அப்பால் கேரளத்தில் அந்த வழக்கம் அவ்வளவாகப் பரவவில்லை. உங்கள் பெயரில் பட்டம் தங்கியிருப்பதற்கு நீங்கள் வாழும் மாநிலத்தின் வழக்கமே காரணம். உங்கள் மொழி அதனால் மாறிவிடாது.

கேள்வி: என் மகனுக்கு ஒரே பெயர்தான், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறது. வளைகுடா போக 'கவுண்டர்' என்று சேர்க்கலாமா, மலையாளிகளைப் போல வீட்டுப்பேரைச் சேர்க்கலாமா?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இரண்டும் தேவையில்லை, தந்தை பெயரை அந்த இடத்தில் எழுதினால் போதும். 'கவுண்டர்' என்று தமிழ் பேசுவோரும் கன்னடம் பேசுவோரும் போட்டுக்கொள்கிறார்கள். அதைச் சேர்ப்பதால் அங்கே எவருக்கும் எதுவும் விளங்கப்போவதில்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, வருகை விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் தந்தது. எந்தப் பெயரைச் சேர்த்தாலும் பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் எழுத்துக்கு எழுத்து அதுவே இருக்க வேண்டும். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.