சுக்குக் கஷாயமா, 300 ரூபாய் டீயா?

கேள்வி: எனக்கு 24 வயது. டோம்பிவிலியிலிருந்து தினமும் லோக்கல் டிரெயினில் மும்பை சி.எஸ்.எம்.டி. போய் வேலை பார்க்கிறேன். மாதவிலக்கு வந்த முதல் இரண்டு நாள் அடிவயிற்றைப் போட்டு முறுக்குகிறது, லேடீஸ் பெட்டியில் நிற்கவே முடிவதில்லை. ஆபீஸ் தோழி 300 ரூபாய்க்கு ‘பீரியட்ஸ் டீ’ வாங்கச் சொல்கிறாள். ஊரில் பாட்டி சுக்குக் கஷாயம் குடி என்கிறார். அம்மாவோ, மாத்திரை மட்டும் போடாதே, கர்ப்பப்பைக்குக் கெடுதல் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, டோம்பிவிலி

பதில்: பாட்டி சொல்வதைக் கேளுங்கள். அம்மா சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்க வேண்டாம்.

கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது, அதுதான் தசையை இறுக்கிப் பிழிகிறது. அதிகமாகச் சுரந்தால் வலியோடு குமட்டல், வயிற்றுப்போக்குகூட வரும். இஞ்சிக்கு இதைக் கொஞ்சம் தணிக்கும் குணம் உண்டு. முதல் 3, 4 நாட்களுக்குத் தினம் 750 முதல் 2000 மில்லிகிராம் வரை இஞ்சித் தூள் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் வலி குறைந்திருக்கிறது. அதாவது நாளுக்கு அரை ஸ்பூன் சுக்குத் தூள், அவ்வளவுதான். தோழி சொல்லும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் இஞ்சி, சோம்பு, பட்டைதான் இருக்கும்.

சுக்கு மாட்டுங்காவில் நம் கடைகளில் கிடைக்கும், வீட்டுப் பக்கத்து மராட்டிக் கடையில் ‘சுண்ட்’ என்று கேளுங்கள். சுக்குக்குப் புறநஞ்சு என்பார்கள், அதனால் மேல்தோலைச் சுரண்டிவிட்டு இடித்து வையுங்கள். அரை ஸ்பூன் தூள், கொஞ்சம் தனியா, இரண்டு டம்ளர் தண்ணீர், அது ஒரு டம்ளராக வற்றும்போது சுண்டைக்காய் அளவு கருப்பட்டி. காலையில் சாப்பிட்ட பிறகு பாதி, மீதியை பிளாஸ்க்கில் ஊற்றி ஆபீசுக்கு. வெறும் வயிற்றில் குடித்தால் நெஞ்சு எரியும். வலி தாங்க முடியாமல் போன பிறகு குடிப்பதைவிட, லேசாகத் தொடங்கும்போதே குடிப்பது நல்லது. அப்புறம் அடிவயிற்றில் வெந்நீர்ப் பை. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், நன்றாகவே கேட்கும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தினமும் சுக்கு எடுக்க வேண்டாம்.

சரி, மாத்திரை. இபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட் போன்றவை அந்தப் புரோஸ்டாகிளாண்டினையே குறைக்கின்றன, மாதத்தில் ஓரிரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதால் கர்ப்பப்பை கெடாது. அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு போன்றவை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. கஷாயம் கேட்கவில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தாணே வரை, தாதர் வரை என்று நிலையம் எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் வலி வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போனாலோ, மாதவிலக்கு இல்லாத நாளிலும் வலித்தாலோ, மணிக்கொரு பேட் மாற்ற வேண்டியிருந்தாலோ கஷாயத்தோடு நிறுத்தாதீர்கள். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது), நார்த்திசுக்கட்டி போன்றவையாக இருக்கலாம், ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். உங்கள் லைனிலேயே சயானில் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது, மகளிர் நலப் புறநோயாளிப் பிரிவில் காட்டலாம். கடைசி மூன்று மாதத் தேதிகளையும், எந்த நாளில் எவ்வளவு வலி என்பதையும் போனில் குறித்துக்கொண்டு போங்கள்.